ஊரை வளர்த்தால் கஜானா நிறையுமா? – வாசகர் கேள்வி பதில்

இடைக்கால அரசு ஒன்றை ஆண்டு, ஊர்களை வளர்த்து, படை நடத்தும் 'மெடீவல் 2: டோட்டல் வார்' என்ற கணினி விளையாட்டைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே வருகின்றன. கையில் இருக்கும் ஊர்களுக்குச் செலவழிப்பது லாபமா, நட்டமா? ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். விளையாட்டில் 'செட்டில்மென்ட்' என்று வருவதை 'ஊர்' என்றே எழுதுகிறேன். நகரமும் கோட்டையும் அதில் அடங்கும். 'டர்ன்' என்பது இங்கே 'சுற்று'.

கைபேசியில் இங்கிலாந்தை வைத்து ஆடிவருகிறேன். லண்டனிலும் யார்க்கிலும் வயல், சந்தை, துறைமுகம் என்று கட்டிக்கொண்டே போவதால் அறுபதாவது சுற்றிலும் கஜானா காலியாகவே கிடக்கிறது. 'ஊருக்குச் செலவழிப்பது வீண். அந்தப் பணத்துக்குப் படை திரட்டினால் இன்னொரு ஊரே கிடைக்கும்' என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– வாசகர், ஈரோடு

நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆளைக் கவிழ்ப்பதும் அந்தப் பாதிதான்.

2006இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் உருவாக்கி, 2022இல் கைபேசிக்கும் வந்து சேர்ந்த இந்த விளையாட்டு, 1080ஆம் ஆண்டில் தொடங்கி 1530இல் முடிகிறது. சுற்றுக்கு இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கில் மொத்தம் 225 சுற்றுகள். ஓர் ஊரில் ஒரு நேரத்தில் ஒரு கட்டடம்தான் எழும்பும். பணம் மலையாகக் குவிந்திருந்தாலும் இரண்டாவது கட்டடம் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பணத்தை எப்போது வேண்டுமானாலும் ஈட்டிக்கொள்ளலாம். லண்டனின் கட்டட வரிசை வெறுமையாகக் கிடந்த சுற்றை மட்டும் எவராலும் திரும்பப் பெற முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 ஃப்ளோரின் (விளையாட்டில் புழங்கும் நாணயம்) செலவில் இரண்டு சுற்றுகளில் முடியும் ஒரு கட்டடம், முடிந்தபின் சுற்றுக்கு 60 ஃப்ளோரின் கூடுதல் வருவாய் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது சுற்றில் அதைத் தொடங்கினால் பன்னிரண்டில் முடியும். இருபத்திரண்டில் போட்ட முதல் திரும்பிவிடும். அதற்குப் பின்னும் இருநூறுக்கு மேற்பட்ட சுற்றுகள் மீதமிருக்கும். போட்டது 600, முடிவில் கைக்கு வந்தது 12,780. அதே கட்டடத்தை 215ஆவது சுற்றில் தொடங்கினாலோ எட்டுச் சுற்றுகளின் வருவாயான 480 மட்டுமே கிடைக்கும், முதலுக்கே மோசம். கட்டடம் ஒன்றேதான், விலையும் ஒன்றேதான். தொடங்கிய காலம்தான் வேறு. ஆகவே ஊரில் போடும் பணம் பலன் தருமா என்ற கேள்வியை, எந்தச் சுற்றில் போடுகிறோம் என்ற கேள்வியிலிருந்து பிரிக்கவே முடியாது.

படைக்கும் கட்டடத்துக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த விளையாட்டில் கட்டி முடித்த கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு கிடையாது. படையோ போரிட்டாலும் தூங்கினாலும் ஒவ்வொரு சுற்றிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே இருக்கும். தங்கள் கஜானா அறுபதாவது சுற்றிலும் காலியாக இருப்பதற்கு யார்க்கின் சந்தை காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். நார்மண்டிக் கரையில் எதிரியும் இல்லாமல் கட்டளையும் இல்லாமல் கூடாரமடித்து உட்கார்ந்திருக்கும் குதிரைப்படை ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை வரைபடத்தைச் சுற்றிப் பாருங்கள். இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. நகரங்களுக்குள் காவலாக நிறுத்தும் ஊர்க்காவல் படையினரில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை சம்பளம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அந்த இடங்களை ஊர்க்காவலரைக் கொண்டு நிரப்பிவிட்டு, சம்பளம் வாங்கும் வீரர்களை எல்லைக்கு அனுப்புவதோ கலைத்துவிடுவதோதான் முறை.

இனி நண்பரின் பக்கமுள்ள பாதி உண்மைக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கும்போது இங்கிலாந்தைச் சுற்றி யார்க், கெர்நார்வன், டப்ளின், இன்வெர்னெஸ் ஆகியவை கலகக்காரர் வசம், அதாவது பின்னால் எந்த அரசனும் இல்லாமல், கிடக்கின்றன. கடலுக்கு அப்பால் ப்ரூஜும் ஆன்ட்வெர்ப்பும் அப்படியே. இவற்றைப் பிடிக்கச் செலவாகும் படைக்கு ஈடான முதலீடு ஆட்டம் முழுவதிலும் வேறு கிடைக்காது. ஒரு முழு ஊரே, அதன் மக்களோடும் வரியோடும், ஒரு சிறு படையின் சில சுற்றுச் சம்பளத்துக்குக் கைக்கு வருகிறது. எனவே முதல் பதினைந்து, இருபது சுற்றுகளில் படைக்கே முதலிடம் என்று நண்பர் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தச் சுற்றுகளிலும் லண்டனின் வரிசையில் ஏதேனும் ஒரு மலிவான கட்டடமாவது எழும்பிக்கொண்டிருக்க வேண்டும். கலகக்காரர் ஊர்கள் தீர்ந்து, அடுத்து இருப்பது பிரான்சும் ஸ்காட்லாந்தும்தான் என்ற நிலை வரும்போது கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு போர். ஒவ்வொரு போருக்கும் ஒரு பதிலடி. அப்போது வருமானம் சிறுத்த நிலையில் படையை மட்டும் பெருக்குவது அகலக்கால் வைப்பதாகவே முடியும்.

எதை முதலில் கட்டுவது? எல்லா ஊரிலும் ஒரே வரிசையைப் பின்பற்றலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

ஒரே வரிசை எல்லா ஊருக்கும் பொருந்தாது. என்றாலும், மலிவாகவும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்வதாகவும் இருப்பது முதலில் என்ற விதி ஏறக்குறைய எங்கும் செல்லும். சாலை அப்படிப்பட்டது. அது தரைவழி வணிகத்தைக் கூட்டுகிறது. அதே சாலையில் தங்கள் படையும் விரைவாக நடக்கிறது. காட்டைத் திருத்தி வயலாக்குவதும் அப்படிப்பட்டதுதான். விளைச்சல் வருவாய் ஒருபுறம் இருக்க, மக்கள்தொகை வளர்வதுதான் அதன் உண்மையான லாபம் என்பது என் கருத்து. இந்த விளையாட்டில் அடுத்த நிலை மதிலை எழுப்ப வேண்டுமானால் மக்கள்தொகை குறிப்பிட்ட அளவைத் தொட்டிருக்க வேண்டும். அந்த மதில் எழும்பினால்தான் அடுத்த நிலைச் சந்தையோ வழிபாட்டிடமோ கட்ட வழி திறக்கும். வயலில் போடும் பணம் அந்தச் சுற்றின் அறுவடையோடு நிற்பதில்லை. இருபது சுற்றுகள் கழித்து வரப்போகும் சந்தைக்கும் அதுதான் விதை.

கடலோர ஊர் என்றால் துறைமுகத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கடல்வழி வணிகம் தரைவழி வணிகத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஊர்கள் பல இருக்கின்றன. ஊருக்குரிய நிலப்பகுதியில் தங்கமோ வெள்ளியோ இரும்போ காட்டப்பட்டிருந்தால் சுரங்கம் வேண்டும். சுரங்கம் இல்லாத இடத்தில் அந்தப் பணம் சந்தைக்குப் போகட்டும்.

ஊரின் விவரச் சுருளைத் திறந்தால் விவசாயம், வணிகம், வரி, சுரங்கம் ஆகியவற்றின் வருவாய் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். ஒரு கட்டடத்தைத் தொடங்குவதற்கு முன் அந்த எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, முடிந்த சுற்றில் மறுபடியும் பார்த்தால், அந்தக் கட்டடம் அந்த ஊரில் எவ்வளவு தருகிறது என்று தெரிந்துவிடும். ஊருக்கு ஊர் இது வேறுபடும். மளிகைக் கடைக்காரர் பேரேடு எழுதுவது போன்ற இந்த வேலை சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கு ஆட்டத்தின் சுவையில் பாதி அதில்தான் இருக்கிறது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கச் சுற்றுகளில் வரியைக் குறைவாக வைத்தால் மக்கள்தொகை வேகமாக ஏறும். அது மெதுவாகும் கட்டத்தில் வரியை உயர்த்திக்கொள்ளலாம். ஆளுநராக இருக்கும் தளபதியின் பெருந்தன்மைக் குணம் மிகுந்திருந்தாலும் வளர்ச்சி கூடும். ஆனால் ஊர் பெருக்கப் பெருக்க அழுக்கும் நெரிசலும் பெருகி, மக்களின் மனநிறைவு குறையும். அந்தக் கட்டத்தில் வழிபாட்டிடத்துக்கும் நகர்மன்றத்துக்கும் செலவழிக்காமல் இன்னும் ஒரு நிலை வயலைத் திருத்திக்கொண்டிருந்தால், தாமே வளர்த்த ஊர் தம்மீதே கலகம் செய்வதைப் பார்க்க நேரிடும்.

எத்தனை கோட்டைகள் தேவை? கோட்டைக்குச் செலவழிப்பது முதலீடா, செலவா?
– வாசகர், யாழ்ப்பாணம்

செலவுதான், ஆனால் தவிர்க்க முடியாத செலவு. கோட்டையில் வரி விகிதத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியாது, சந்தைக் கட்டடங்களும் அங்கே எழும்புவதில்லை. அதற்கு ஈடாக நல்ல படையைத் தருவது கோட்டைதான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீள்வில் வீரர்களை எடுத்துக்கொண்டால், அவர்கள் பிறப்பது லண்டன் தெருக்களில் அல்ல, கோட்டைகளில்தான்.

இங்கிலாந்து தொடங்கும்போதே நாட்டிங்காமும் கடலுக்கு அப்பால் உள்ள கானும் கோட்டைகளாக இருக்கின்றன. ஒரு போர்முனைக்கு ஒரு கோட்டை போதும் என்பது என் அனுபவம். கான் பிரான்சைப் பார்த்து நிற்கிறது. அது கோட்டையாகவே இருக்கட்டும், அங்கே மதிலுக்கும் படைக் கட்டடங்களுக்கும் தயங்காமல் செலவழியுங்கள். நாட்டிங்காமின் நிலை வேறு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ தங்கள் கைக்கு வந்துவிட்டால் நாட்டிங்காம் உள்நாட்டு ஊராகிவிடுகிறது. எதிரியே வராத இடத்தில் கோட்டைக்கு என்ன வேலை? அப்போது அதை நகரமாக மாற்றிவிடலாம். மாற்றுவதற்குப் பணமும் செலவாகும், கட்டி வைத்த படைக் கட்டடங்கள் சிலவும் போய்விடும். ஆகவே மாற்றுவது என்று முடிவெடுத்த ஊரில் அதற்கு முன்பே படைக் கட்டடங்களுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட வேண்டும். எதிர்த்திசையில் கதவு விரைவில் மூடிக்கொள்ளும். பெருநகரமாக வளர்ந்துவிட்ட ஊரை மீண்டும் கோட்டையாக்க வழியில்லை.

ஊரைப் பிடித்ததும் கொள்ளையடித்தால் ஒரே சுற்றில் ஆயிரக்கணக்கில் பணம் வருகிறதே! அதைவிட எந்தக் கட்டடம் லாபம் தரும்?
– வாசகர், மதுரை

பிடித்த ஊரை என்ன செய்வது என்று விளையாட்டு மூன்று வழிகளைக் கொடுக்கிறது. அமைதியாக ஆட்கொள்ளலாம், கொள்ளையடிக்கலாம், மக்களைக் கொன்று குவிக்கலாம். கொள்ளையில் பணம் நிறைய வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே சாகும் மக்கள் அனைவரும் அடுத்த சுற்றிலிருந்து தங்களுக்கே வரி கட்டவேண்டியவர்கள். மக்கள்தொகை குறைந்தால் அடுத்த மதில்நிலையும் தள்ளிப்போகும். விதைநெல்லை எடுத்துச் சமைத்தால் அன்றைய சோறு மணக்கத்தான் செய்யும்.

அதற்காகக் கொள்ளையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தக்கவைத்துக்கொள்ள முடியாத ஊர், வேற்று மதத்தினர் நிறைந்து தலைநகருக்குத் தொலைவில் இருப்பதால் எப்படியும் கலகம் செய்யப்போகும் ஊர் என்றால், கொள்ளையடித்த பணத்தை எடுத்துக்கொண்டு போய் லண்டனில் போடுவது சரியான கணக்கு. ஐம்பது சுற்று வைத்திருக்கப்போகும் ஊரை மட்டும் கொள்ளையடிக்காதீர்கள். அமைதியாக ஆட்கொள்ளும் தளபதிக்குப் பெருந்தன்மையும், கொள்ளையடிப்பவனுக்குக் கொடுமையும் குணமாக ஏறிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்; நாளை அவனைத்தானே ஏதேனும் ஓர் ஊருக்கு ஆளுநராக உட்கார வைக்கப்போகிறீர்கள்?

துருக்கியரை வைத்து ஆடுகிறேன். கிழக்கு ஊர்களையும் வளர்க்கலாமா?
– வாசகர், வேலூர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியரும், அதற்குப் பின்னால் தைமூரியரும் கிழக்கு விளிம்பிலிருந்துதான் வந்து இறங்குவார்கள். வரும்போது ஒரு படையாக அல்ல, படை படையாக. ஆகவே சந்தை, துறைமுகம் எல்லாம் மேற்கே. கிழக்கே மதிலும் படைக் கட்டடமும் மட்டும். விதிவிலக்காகச் சாலையைச் சொல்லலாம் என்றாலும், எல்லையை நோக்கிப் போடும் சாலையில் எதிரியும் விரைவாக வருவான்.

'க்ரூசேடர் கிங்ஸ் 3' ஆட்டத்தில் முப்பது ஆண்டுகள் பாடுபட்டு ஒரு நாட்டுப்புற மாவட்டத்தை வளர்த்தேன். அரசர் இறந்ததும் அது என் தம்பிக்குப் போய்விட்டது. இது என்ன நியாயம்?
– வாசகர், திருச்சி

நியாயம் அல்ல, பாகப்பிரிவினை. 2020இல் வெளிவந்த இந்த விளையாட்டில் ஒரு சுற்று என்று எதுவும் கிடையாது. நாள்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். 1066இல் தொடங்கினால் 1453 வரை, ஏறக்குறைய 387 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலத்தில் கட்டடம் கட்டாயம் லாபம் தர வேண்டும் என்றுதான் தோன்றும். தரவும் செய்யும், அது நம் கையிலேயே இருந்தால்.

தொடக்கக் காலத்து வாரிசுச் சட்டப்படி அரசரின் பிள்ளைகளுக்கு நிலம் பங்கு பிரிக்கப்படுகிறது. தலைமை வாரிசுக்குத் தலைநகர் மாவட்டம் உறுதியாகக் கிடைக்கும். மற்றவை யாருக்குப் போகும் என்பதை வாரிசுத் திரையில் அரசர் உயிரோடிருக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன்பு அந்தத் திரையைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்லக்கூடியது. தலைநகர் மாவட்டத்தில் போடும் பணம் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வழியிலேயே வரும். தம்பிக்குப் போகப்போகும் மாவட்டத்தில் போடுவது தம்பிக்குச் சீர் செய்வதுதான். தந்தை வீட்டை இடித்துக் கட்டிய மூத்த மகனுக்குப் பிறகு பத்திரப்பதிவு அலுவலக வாசலில் புரியும் உண்மை இது.

இன்னொன்று. நிலக்கிழாராக இருக்கும் அரசர் கோட்டைகளைத்தான் நேரடியாக வைத்துக்கொள்ள முடியும். தம் மாவட்டத்திலேயே இருந்தாலும் நகரத்தை நடத்துபவர் அதன் மேயர். அவர் ஈட்டுவதில் ஒரு பங்குதான் மேலே வரும். ஆகவே முதலில் சொந்தக் கோட்டையின் கட்டடங்கள், பிறகுதான் நகரம். புதிதாகப் பிடித்த மாவட்டத்தில் கட்டுப்பாடு குறைவாக இருக்கும்போது வரியும் குறைவாகவே வரும் என்பதால், கட்டுப்பாட்டை உயர்த்திய பிறகு கட்டத் தொடங்குவது நல்லது.

விளையாட்டுக் கணக்கு இருக்கட்டும். அந்தக் காலத்து ஐரோப்பிய அரசர்கள் உண்மையிலேயே ஊர்களில் இப்படி முதலீடு செய்தார்களா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

செய்தார்கள், அதில் கொழித்தவர்களும் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இன்று ஜெர்மனியில் இருக்கும் ஃப்ரைபர்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1120இல் ஸேரிங்கன் குடும்பத்தைச் சேர்ந்த கொன்ராட் அங்கே ஒரு சந்தையை நிறுவி, வணிகர்களை அழைத்துக் குடியேற்றினார். ஒவ்வொருவருக்கும் வீடு கட்ட நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமும் கொண்ட மனை. அதற்கு வாடகை, ஆண்டுக்கு ஒரு சாலிடஸ் நாணயம். புனித மார்ட்டின் திருநாளன்று செலுத்த வேண்டும். குடியேறியவர் இறந்தால் அவருடைய மனைவியும் மக்களும் சொத்தை அனுபவிக்கலாம் என்ற உறுதியும் சாசனத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாணயம் என்பது பிரபுவுக்குப் பெரிய தொகையல்ல. ஆனால் மனைகள் நிரம்ப நிரம்ப வாடகை திரளும். ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் சந்தையூர் ஆகும். விளையாட்டில் நாம் வரியைக் குறைத்து வைத்து மக்களைப் பெருக்குவதும் ஏறக்குறைய இதே உத்திதான்.

எல்லோரும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. ஈஸார் ஆற்றின் மேல் ஃபோரிங் என்ற இடத்தில் ஃப்ரைசிங் ஆயர் ஓட்டோவுக்கு ஒரு பாலம் இருந்தது. உப்பு வண்டிகள் அதைக் கடந்துதான் போகவேண்டும். கடக்கும்போது சுங்கம் கட்டவேண்டும். பவேரியாவின் கோமகனாக இருந்த 'சிங்கம்' ஹென்றி அந்தப் பாலத்தை அழித்துவிட்டு, சற்றுத் தெற்கே தம்முடைய பாலத்தையும் சந்தையையும் அமைத்துக்கொண்டார். வழக்கு பேரரசர் ஃப்ரெட்ரிக் பார்பரோசாவிடம் போனது. 1158 ஜூன் 14 அன்று ஆக்ஸ்பர்க்கில் அவர் அளித்த தீர்ப்பில், புதிய சந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஆயருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. அந்தப் புதிய சந்தைதான் மியூனிக். பக்கத்து ஊரின் வணிகத்தைத் தன் ஊருக்கு இழுப்பதும் அந்தக் காலத்தில் ஊரில் போடும் முதலீட்டின் ஒரு வகையாகவே இருந்தது.

கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வேல்ஸுக்குப் போகவேண்டும். ஈரோடு வாசகர் பிடிக்கப்போகும் அதே கெர்நார்வன்தான். வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283இல் அங்கே கோட்டையையும், அதை ஒட்டி ஆங்கிலேயர் குடியேறுவதற்காக மதில் சூழ்ந்த ஒரு நகரத்தையும் கட்டத் தொடங்கினார். அதே ஆண்டில் தொடங்கிய கான்வி கோட்டைக்கும் நகர மதிலுக்கும் மட்டும் ஏறத்தாழ 15,000 பவுண்டு செலவானது. கெர்நார்வனுக்கு அதைவிடக் கூடுதல். 1294இல் மேடாக் அப் லுவெலின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, கெர்நார்வன் கோட்டையின் நகரத்தை நோக்கிய பக்கம் இன்னும் முடிக்கப்படாமலே இருந்தது. கிளர்ச்சியாளர்கள் நகரத்தைப் பிடித்து, அந்தத் திறந்த பக்கம் வழியே கோட்டைக்குள்ளும் நுழைந்து தீயிட்டுவிட்டார்கள். பதினோர் ஆண்டு முதலீடு ஒரு மதில் பாக்கியில் புகைந்தது. கிளர்ச்சியை அடக்கிய எட்வர்ட் 1295இல் பியூமாரிஸ் என்ற இடத்தில் இன்னொரு கோட்டையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்துப் போர் பணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டதால் அது முழு உயரத்தை எட்டவே இல்லை. இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது. அறுபதாவது சுற்றில் கஜானா காலியாக இருப்பது ஈரோட்டு வாசகருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் அல்ல.

இடையே ஒரு சிறு குறிப்பு. விளையாட்டில் நாம் 1080ஆம் ஆண்டிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும் தங்க ஃப்ளோரின், ஃப்ளோரன்ஸ் நகரத்தில் முதன்முதலாக அச்சிடப்பட்டது 1252இல்தான். கொன்ராட் தம் வணிகர்களிடம் அதைக் கேட்டிருந்தால் அவர்கள் விழித்திருப்பார்கள்.

ஊருக்குச் செலவழிப்பதை எந்தச் சுற்றில் நிறுத்துவது?
– வாசகர், புதுச்சேரி

ஒரே நாளில் நிறுத்தக்கூடியது அல்ல. வகை வகையாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டியது. முன்னே சொன்ன பேரேட்டில் இருக்கும் எண்களை எடுத்து, கட்டடத்தின் விலையை அது தரும் சுற்று வருவாயால் வகுத்து, கட்டும் காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை மீதமிருக்கும் சுற்றுகளைவிடக் கூடினால் வேண்டாம். விலை மிகுந்த மேல்நிலைக் கட்டடங்கள் இந்தக் கணக்கில் முதலில் விழும். சாலையும் தொடக்கநிலை வயலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு முன்பே வேறொன்று குறுக்கிடும். இங்கிலாந்தின் நீண்ட ஆட்டத்தில் வெற்றி பெற 45 நிலப்பகுதிகள் வேண்டும், அவற்றில் ஜெருசலேமும் ஒன்றாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து ஜெருசலேமுக்குக் கப்பலில் படையை அனுப்பி, இறக்கி, முற்றுகையிட்டு, பிடித்த ஊரைக் கலகம் இல்லாமல் வைத்திருப்பதற்குள் எத்தனை சுற்றுகள் கரையும் என்று முதல் முறை ஆடுபவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எனவே நான் 160ஆவது சுற்றை ஒட்டி உள்நாட்டு ஊர்களில் புதிதாகப் பெரிய கட்டடம் எதையும் தொடங்குவதில்லை; அதற்குப் பின் வரும் பணம் கப்பல்களுக்கும் பீரங்கிகளுக்கும் போகிறது. லண்டனின் கட்டட வரிசை அப்போதுதான் முதன்முறையாக வெறுமையாகும்.